சதையும் தசையும்

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இயலில் இடம்பெற முடியாத ஒன்றை எங்கேனும் எழுதிவைத்தாக வேண்டும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். தசையைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் முதியவர்களைப் பேணுபவர்களுக்கும் பயன்படக்கூடும்.

ஐதராபாத்தில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்தில், சுண்டெலியின் ஒரு பின்னங்காலை 14 நாள்கள் அசையவிடாமல் கட்டிவைக்கும் சோதனை நடக்கிறது. மற்றொரு கால் ஒப்பீட்டுக்காகக் கட்டின்றி விடப்படும். கெடு முடிந்ததும் இரு கால்களின் தசைகளையும் எடுத்து, திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஐசோபென்டேனில் உறையவைப்போம். நேரே திரவ நைட்ரஜனில் போட்டால் தசையைச் சுற்றி வாயுப் படலம் உருவாகி, உறைதல் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் பனிப்படிகங்கள் வளர்ந்து இழைகளைத் துளைத்துவிடும். சரியாக உறைந்த தசையைக் கிரையோஸ்டாட்டில் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயமிட்டு நோக்கினால், தேன்கூட்டைப் பார்ப்பதுபோல் பலகோண அறைகள் நெருங்கி நிற்கும். ஒவ்வோர் அறையும் ஒரு தசையிழையின் குறுக்குவெட்டு. கட்டாத காலில் அறைகள் பெரியவை; கட்டிய காலில் சிறியவை. அறைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொன்றும் ஒடுங்கிவிடுகிறது. நான்கு ஆண்டுகளாக இந்த அறைகளின் பரப்பைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

இதை இவ்வளவு நன்றாக அறிந்த நான், என் தந்தையை ஆறு வாரம் படுக்கையில் கிடத்தினேன்.

அப்பா பெங்களூரு கலாசிப்பாளையத்தில் லோடுமேன். தருமபுரிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லாரி செட்டுகளில் மூட்டை ஏற்றியும் இறக்கியும் எங்களை வளர்த்தார். அவருடைய சும்மாட்டுத் துணியும் இரும்புக் கொக்கியும் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் பகலில் படுத்து நான் கண்டதில்லை. கடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மழைக்காலத்தில், லாரிக்கும் திண்ணைக்கும் நடுவே போட்டிருந்த பலகை வழுக்கி விழுந்தார். தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. அறுவை செய்து, இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு மாற்றாக உலோகப் பந்தைப் பொருத்தினார்கள். அறுவைக்கு மறுநாளே இயன்முறை மருத்துவர் வந்து வாக்கரைப் பிடித்து இரண்டு நிமிடம் நிற்கவைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில், நாள்தோறும் நடக்க வேண்டும் என்றும், கட்டிலில் செய்ய வேண்டிய கால் பயிற்சிகள் இவை என்றும் எழுதியிருந்தது. மருத்துவமனையின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இக்கதையில் தவறு செய்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள். அவர்களில் முதன்மையானவள் நான்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள் காலை, வாக்கரை அருகில் வைத்து அவரை எழுப்பினேன். எழுந்தார். எடை காலில் இறங்கியதும் கத்தினார். அதுவரை அப்பா கத்தி நான் கேட்டதில்லை. "வேண்டாம் கண்ணு, வலிக்குது" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை சொன்னார்: "முப்பது வருசம் முதுகு ஒடிய உழைச்ச மனுசன். இப்பவாச்சும் படுக்கட்டும், விடுங்க." அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அவருக்கு நாங்கள் பட்டிருந்த கடன் ஓய்வுதான் என்று தோன்றியது. அவரைத் தாங்கிப் பிடித்து, மெல்லக் கட்டிலில் சாய்த்தேன். வாக்கர் மூலைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் அதன்மேல் துண்டு காய்ந்தது.

பத்து நாள் விடுப்பில் வந்திருந்த நான், அந்தப் பத்து நாளும் அவருக்குப் படுக்கையிலேயே உணவூட்டினேன். படுக்கையிலேயே உடல் துடைத்தேன். என் தோள்பையில் ஆய்வேட்டின் முதல் இயலின் அச்சுப்படி இருந்தது. இயக்கமின்மை தசையிழப்பை எவ்வளவு விரைவாக உண்டாக்குகிறது என்பதைத்தான் அதன் முதல் பத்தி பேசியது. அவர் உறங்கிய பிறகு, கட்டிலுக்கருகே தரையில் அமர்ந்து அதைத் திருத்தினேன்.

இவ்விடத்தில் தசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், அந்த ஆறு வாரத்தில் அவரிடமிருந்து எது போயிற்று என்பது விளங்காது.

நம் உடலில் மூவகைத் தசைகள் உள்ளன. குடல், குருதிக்குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவரில் நாம் ஏவாமலே மெல்லச் சுருங்கி விரிவது மென்தசை. இதயத்தில் மட்டும் இருப்பது இதயத்தசை. அதன் செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைந்து, ஒரே அலையாகத் துடிப்பவை. மூன்றாவது எலும்புத்தசை, நம் விருப்பத்துக்கு இயங்குவது. உடலில் அறுநூறுக்கு மேற்பட்ட எலும்புத்தசைகள் இருக்கின்றன. நலமுள்ள ஒருவரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் கூடுதலாக இவையே.

எலும்புத்தசையின் இழை விந்தையானது. வளர்கருவில் பல செல்கள் ஒன்றாக இணைந்து ஒரே நெடிய இழையாகின்றன. ஆகையால் ஓரிழைக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். இழைக்குள் நீளவாக்கில் நுண்ணிழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்னும் சிறு அலகுகள் முனையோடு முனை கோக்கப்பட்ட சரம். ஒரு சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் நீளச் சரத்தில் 40,000 சார்கோமியர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் மைக்ரோமீட்டர் சுருங்கினால், சரம் முழுவதும் ஒரு சென்டிமீட்டர் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவு கண்ணுக்குத் தெரியும் அசைவாவது இந்தக் கணக்கினால்தான்.

சார்கோமியருக்குள் இருவகை இழைகள் உள்ளன. மெல்லியவை ஆக்டின், தடித்தவை மயோசின். மயோசினின் மூலக்கூறுகள் தலைகளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நரம்பின் கட்டளை இழையின் மேற்படலத்தை அடைந்ததும், உள்ளே சேமிப்பிலிருக்கும் கால்சியம் அவிழ்த்துவிடப்படுகிறது. ஆக்டினின்மேல் காவலாக இருக்கும் டிரோப்போனினைக் கால்சியம் பற்றியதும் காவல் விலகுகிறது. மயோசினின் தலை ஆக்டினைப் பிடித்துச் சில நானோமீட்டர் தூரம் இழுக்கிறது, விடுகிறது, மீண்டும் பிடிக்கிறது. விடுவதற்குத்தான் ஏ.டி.பி. வந்து ஒட்ட வேண்டும் என்பதை மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை. இறந்த உடல் விறைப்பதும் அதனால்தான்: ஏ.டி.பி. தீர்ந்துபோக, பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. தசைக்குப் பிடியை விடுவதற்கும் ஆற்றல் வேண்டும்.

இவை ஒரே நாளில் தெரிந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அங்கேரியின் செகெட் நகரத்தில் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கியின் குழு மயோசினைப் பிரித்தாய்ந்தது. அக்குழுவின் புரூனோ ஸ்ட்ராப் ஆக்டினைக் கண்டறிந்தார். இரு புரதங்களையும் சேர்த்து இழையாக்கி, அதில் ஏ.டி.பி.யை ஊற்றியபோது, உயிரில்லாத அந்த இழை சுருங்கியது. 1954ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தசை சுருங்கும்போது இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்ற ஒரே முடிவுக்கு இரு குழுக்களும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தன. பின்னர் 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி டிரோப்போனினைக் கண்டறிந்து, கால்சியத்தின் பங்கை நிறுவினார்.

இதை அப்பாவுக்கு விளக்க முயன்றபோது அவருடைய தொழிலே எனக்கு உதவியது. லாரியிலிருந்து கிடங்குவரை ஆள்கள் வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றுவது ஒரு முறை. வரிசையில் ஆள் கூடக்கூட மூட்டை போகும் தூரம் கூடும். ஒரு நேரத்தில் ஒருவர் தூக்கும் எடை கூடாது. நால்வர் நான்கு மூலையிலும் பிடித்துக் கனமான ஒரு பெட்டியைத் தூக்குவது இன்னொரு முறை. அங்கே ஆள் கூடக்கூடத் தூக்கும் எடை கூடும். சார்கோமியர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பது முதல் முறை. அது தூரத்தையும் வேகத்தையும் தருகிறது. நுண்ணிழைகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருப்பது இரண்டாவது முறை. அது வலுவைத் தருகிறது. தசை மெலிவது என்றால் பக்கத்தில் நிற்கும் ஆள்கள் குறைவது. பெட்டி அதே பெட்டிதான். பிடிக்க நால்வருக்குப் பதில் இருவர். அப்பா கேட்டுவிட்டு, "ரெண்டு பேரு தூக்கினா கீழதான் போடணும்" என்றார்.

ஆள்கள் ஏன் குறைகிறார்கள்? தசையை நாம் கட்டி முடித்த கட்டடம்போல் எண்ணுகிறோம். உண்மையில் அது சரக்குக் கிடங்கைப் போன்றது. நாள்தோறும் பழைய புரதம் சிதைந்து வெளியேறுகிறது, புதிய புரதம் வந்து இறங்குகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கிடங்கு நிறைந்திருப்பதாகத் தோற்றம் தருகிறது. வேலை நின்றதும் வரவு குறைகிறது. செலவுப் பக்கத்திலோ, சிதைக்க வேண்டிய புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்னும் அடையாளத்தை ஒட்டும் நொதிகள் பெருகுகின்றன. அவற்றுள் மர்ஃப்-1, அட்ரோஜின்-1 ஆகிய இரண்டும் 2001இல் இனங்காணப்பட்டன. அவை இல்லாத எலிகளில் தசையிழப்பு குறைவாக இருந்தது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் இவற்றைப் பற்றியதே.

வேகத்துக்கு ஓர் எண் சொல்கிறேன். சராசரி 67 வயதுள்ள, நோயில்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்திருந்தது. அவர்களுக்கு முறிவு இல்லை, அறுவை இல்லை, வலி இல்லை. வெறுமே படுத்திருந்தார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். என் முதல் இயலில் மேற்கோள் காட்டியிருந்தேன். அப்பா படுத்திருந்தது 42 நாள்.

நான் ஐதராபாத்துக்குத் திரும்பிய பிறகு நாள்தோறும் தொலைபேசியில் பேசினேன். "நல்லா சாப்பிடறாரு, நல்லா தூங்கறாரு" என்றார் அம்மா. ஐந்தாம் வாரம் காணொளி அழைப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன் நல்லா சதை போட்டுட்டாரே!" அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. கன்னம் உப்பியிருந்தது, வயிறு முன்னால் வந்திருந்தது. வெயிலில் கறுத்து நரம்போடிய உடம்பையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அந்த உப்பல் நலத்தின் அடையாளமாகத் தெரிந்தது.

அந்தச் சொல்லைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பேச்சுத் தமிழில் சதை என்பது தசையையும் குறிக்கும், கொழுப்பையும் குறிக்கும். 'சதை போட்டுவிட்டான்' என்றால் பருத்துவிட்டான் என்று பொருள். கசாப்புக் கடையில் 'வெறும் சதையாகக் கொடுங்கள்' என்றால் எலும்பும் கொழுப்பும் இல்லாத தசை என்று பொருள். ஆட்டைப் பற்றிப் பேசும்போது நமக்கு இருக்கும் தெளிவு, வீட்டில் படுத்திருக்கும் மனிதரைப் பற்றிப் பேசும்போது இல்லை. தசை வற்றிய இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொண்டு போனது. தராசுக்கும் கண்ணுக்கும் அது ஒன்றாகவே தெரிந்தது. மொழியைக் குறை சொல்லவில்லை. நான் நாள்தோறும் ஆய்வுக்கூடத்தில் தசை என்று எழுதுகிறவள். வீட்டுக்கு வந்தால் நானும் சதை என்றுதான் பேசினேன், சதை என்றுதான் பார்த்தேன்.

ஆறாம் வாரம் மறுபரிசோதனை. நானும் வந்திருந்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், மூட்டு மிக நன்றாக அமர்ந்திருக்கிறது என்றார். பிறகு அப்பாவைச் சக்கர நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அப்பா இரு கைகளாலும் ஊன்றி முயன்றார். உடல் ஒரு சாண் உயர்ந்து மீண்டும் விழுந்தது. மருத்துவர் கன்னடத்தில் கேட்டது இவ்வளவுதான்: இவர் ஏன் இத்தனை நாள் படுத்திருந்தார்? யாரும் விடை சொல்லவில்லை. அளவுநாடாவை எடுத்து இரு தொடைகளையும் அளந்தார். அறுவை நடந்த கால் மெலிந்திருந்தது. மற்றொரு காலும் ஏறத்தாழ அதே அளவு மெலிந்திருந்தது. எலியின் கூண்டில் ஒப்பீட்டுக்கென்று ஒரு காலையாவது விட்டுவைக்கிறோம். இங்கே அதுவும் இல்லை.

அன்று எடுத்த குருதிப் பரிசோதனையில் சர்க்கரையின் அளவு முதன்முறையாக எல்லை கடந்திருந்தது. உண்ட பின் குருதியில் சேரும் குளுக்கோசைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது எலும்புத்தசையே. அதிலும் இயங்கும் தசை, இன்சுலினின் ஏவல் இல்லாமலே குளுக்கோசை உள்ளே இழுக்கும் வழியைத் திறந்துகொள்ளும். வாங்கும் இடம் சுருங்கி, இருப்பதும் இயங்காமல் கிடந்தால் சர்க்கரை எங்கே போகும்? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள், இந்தியர்கள் ஒல்லியாகத் தோன்றினாலும் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருப்பதை எடுத்துக்காட்டியவை. 2004இல் 'லான்செட்' இதழில் அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே சான்றாக வைத்துக் குறிப்பொன்று வெளியிட்டார்கள். இருவருடைய உடல்நிறைக் குறியீடும் 22.3. கொழுப்பின் பங்கு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. நம்மில் பலர் சிறிய கிடங்கோடு பிறந்தவர்கள். அப்பா தம் உழைப்பால் அதைப் பெருக்கி வைத்திருந்தார். நாங்கள் அன்பினால் அதைக் காலி செய்தோம்.

ஒரு வினாவை அன்றிரவு முதல் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாததல்ல, பின் ஏன்? மருத்துவ உலகமே இந்தத் தவற்றிலிருந்து வெளிவர நெடுங்காலம் ஆயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நோயாளிக்குப் படுக்கையே மருந்து என்ற நம்பிக்கை பல தலைமுறைகள் ஆண்டது. 1947இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், படுக்கைக்குப் போவதன் ஆபத்துகளைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. ஆனால் நான் 1947இல் வாழவில்லை. என் கையில் ஸ்லைடுகள் இருந்தன.

உண்மை இதுதான் என்று எண்ணுகிறேன். எலியின் வலியை நான் நெறிமுறைக் குழுவின் படிவத்தில் நிரப்புகிறேன். அப்பாவின் வலியை என் தோளில் அவர் கை இறுகியபோது உணர்ந்தேன். அந்தக் கணத்தில், அறிந்தது அனைத்தும் அறிவாக இல்லை. வேறு யாரோ எங்கோ எழுதிய கட்டுரையாகிவிட்டது. அவரைப் படுக்க வைத்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் தீர்த்தது அவருடைய வலியையா, அதைப் பார்க்கும் என் வலியையா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

மீட்சி மெதுவாக வந்தது. வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் என்னைவிட இளையவர். முதல் நாள் அவர் கேட்டது ஒரு நாற்காலியும் இரண்டு தடித்த போர்வைகளும். போர்வைகளை மடித்து நாற்காலியின்மேல் வைத்து உயரத்தைக் கூட்டினார். அந்த உயரத்திலிருந்து அப்பா கைப்பிடியை ஊன்றாமல் எழ வேண்டும், மெல்ல அமர வேண்டும். முதல் நாள் இரண்டு முறைக்கு மேல் முடியவில்லை. வாரங்கள் செல்லச் செல்ல முதலில் ஒரு போர்வை போயிற்று, பிறகு மற்றொன்று. உணவில் நாள்தோறும் இரண்டு முட்டையும் பருப்பும் சுண்டலும் சேர்ந்தன. பலகை, கொக்கி, மூட்டை என்று வாழ்ந்தவருக்கு நாற்காலியிலிருந்து எழுவது ஒரு பயிற்சி என்பது முதலில் அவமானமாக இருந்தது. "இதுக்கு ஒரு டாக்டரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் அவரே சுவரில் கரியால் கோடு போடலானார். லாரியில் மூட்டைக் கணக்கு வைப்பதுபோல் நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

அந்நாள்களில் அவருக்கு நான் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொடைத் தசையின் பரப்பு கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. வலு இவ்வளவு முந்துவதற்குக் காரணம், தூங்கிக் கிடந்த இழைகளை நரம்பு மீண்டும் வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்வதுதான். தசை திரும்புவதற்கு முன்பே வலு திரும்பத் தொடங்கும் என்பது, போர்வையை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு மிகப் பெரிய செய்தி.

ஒரு மாலை அப்பா கேட்டார்: "உன் எலிக்குக் கட்டுப் பிரிச்சா திரும்பச் சதை வருமா கண்ணு?"

கட்டுப் பிரித்த பின் மேலும் 14 நாள் நடமாட விடும் ஒரு பிரிவு எங்கள் சோதனையில் உண்டு. ஒவ்வொரு தசையிழையின் விளிம்பிலும், அதைச் சூழ்ந்த உறைக்கு அடியில், சிறு செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையை மின்னணு நுண்நோக்கியில் பார்த்தபோது கண்டு, அவற்றுக்குச் சாட்டிலைட் செல்கள் என்று பெயரிட்டார். தசை புண்பட்டால் அவை விழித்து, பெருகி, இழையோடு இணைந்து பழுது பார்க்கும். வயதாக ஆக அவற்றின் எண்ணிக்கையும் விழிப்பும் குறைகின்றன. இளம் எலிகளின் இழைகள் பெரும்பாலும் பழைய பருமனை எட்டிவிடுகின்றன. முதிய எலிகளில் மீட்சி தாமதமானது, பல வேளைகளில் முழுமை பெறாதது.

"வரும்ப்பா. வயசான எலிக்குக் கொஞ்சம் மெதுவா வரும்" என்றேன்.

"முழுசா?"

அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு முடிவு செய்திருந்தேன். "முழுசா வராதுப்பா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து நின்றார், அமர்ந்தார், மீண்டும் எழுந்தார்.

ஏழாம் மாதம் அவர் தனியாகப் பேருந்தேறிக் கலாசிப்பாளையம் சென்று, பழைய கூட்டாளிகளோடு தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினார். இனி மூட்டை தூக்க இயலாது. ஒரு கடையில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கொக்கி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. படுத்திருந்த 42 நாளை நடந்திருந்தால் அவர் முன்போல் தூக்கியிருப்பாரா என்று கேட்டால், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அறுவை செய்த மூட்டின் வரம்பும் வயதும் உண்டு. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஐந்து மாதம் போராடியிருக்க வேண்டியதில்லை. அதை உறுதியாகச் சொல்வேன்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒன்றே ஒன்று. எல்லா முறிவும் ஒன்றல்ல. மருத்துவர் அசையக் கூடாது என்றால் அசையக் கூடாது. ஆனால் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், "எப்போது எழுந்து நிற்கலாம்?" என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள். விடை கிடைத்த நாளில் எழுப்புங்கள். வலிக்கும் என்றால், வலியைக் குறைக்க என்ன மருந்து, எப்போது கொடுத்து நடத்துவது என்று கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, என் முன்னே இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்துவிட்டேன்.

அறையின் பரப்பை அளக்கும் வேலை இன்னும் முடியவில்லை. இன்று மாலையும் அப்பாவை அழைத்தேன்.

"இன்னைக்கு எத்தனைப்பா?"

"இருபது."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "பதினெட்டுதான். நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."